புராசசருக்குப் பணிமாறுதல் – தொடர்பாக

எங்கள் ஊர்க் குடிநீர் வாரியத்தில் வரைபடப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஊருக்கு அடியில் எந்தக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்பது அந்தப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், என் மருமகள். அவ்வளவுதான்.

அந்தக் கம்ப்யூட்டரின் லட்சணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு, பையை வைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் பிடித்துக்கொண்டு, பக்கத்து அறைக்காரரின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வந்தாலும் அது பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். குழாய்ப் படத்தைத் திறக்கச் சொன்னால், உள்ளே இருக்கும் விசிறி ஹெலிகாப்டர் கிளம்புவதுபோல் அலறும். ஒரு தெருவைப் பெரிதாக்கினால் மேஜை நடுங்கும். ஒரு கோட்டை அழித்து வேறு இடத்தில் போட்டால் திரை நீலமாகி உயிரை விட்டுவிடும். எழுப்பிப் பார்த்தால் பழைய கோடு பழைய இடத்திலேயே கால் மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

வேலை நிரந்தரமாகும்வரை இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் மருமகள் நினைத்திருந்தாள். கெடுத்தது கடைத்தெரு வால்வு. அது பழுதாகி மூடியைத் திறந்தபோது அவள் போய் எட்டிப் பார்த்தாள். ஊருக்கே தண்ணீர் கொண்டுபோகும் பெரிய குழாய் சாலையின் வலப்பக்கம் கிடந்தது. வாரியத்தின் படத்திலோ அது இடப்பக்கம். அதே கடைத்தெருவில் மின்கம்பி புதைக்கச் சாலையைத் தோண்டப் போகிறார்கள். குழாய் இடப்பக்கம் என்று படம் சொல்வதால் தைரியமாக வலப்பக்கம் தோண்டுவார்கள். எந்திரம் நேராகக் குழாயின் மண்டையில் இறங்கும். படத்தின் கீழ்மூலையில் ‘பொறுப்பு’ என்ற இடத்தில் இருப்பது என் மருமகளின் பெயர். அவள் வேலையோ இன்னும் நிரந்தரமாகவில்லை. வேலை போனால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம். ஆனால் ஊரைத் தண்ணீரில் முக்கியெடுத்தவள் என்ற பெயரோடு வருகிறவளை எந்த அலுவலகம் உள்ளே விடும்?

வேறு கம்ப்யூட்டரில் திருத்தக் கூடாதா என்றேன். படம் வரைகிற மென்பொருளை அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் போட்டிருக்கிறார்களாம். சரி, தாளில் பென்சிலால் திருத்திக் கொடுத்துவிடு என்றேன்.

“பென்சில்ல திருத்தினா அது படம் இல்ல மாமா, கிறுக்கல். கிறுக்கினதுக்குத் தனி நடவடிக்கை இருக்கு,” என்றாள்.

வாரியத்தில் கணினி அதிகாரி ஒருவர் உண்டு. கம்ப்யூட்டரைக் கையெழுத்தின் வழியாக மட்டுமே தொட்டவர். புதுக் கம்ப்யூட்டர் கேட்டால் இந்தப் பிறவியில் வராது, உள்ளே இருக்கும் பாகத்தை மாற்றுவதாக எழுதிக் கொடு என்று அவர்தான் யோசனை சொன்னார். மருமகள் கம்ப்யூட்டர் கடைக்காரரை அழைத்து வந்தாள். அவர் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, செத்தவர் வீட்டில் பேசுகிற குரலில் பேசினார். கம்ப்யூட்டரின் மூளையான இந்த புராசசரைச் செய்த கம்பெனிக்காரனே இப்போது இதை மறந்துவிட்டான். வேறு கம்பெனியின் புது புராசசருக்கு மாறிவிடலாம். ஆனால் கம்பெனி மாறினால் அது உட்காருகிற மதர்போர்டும் மாற வேண்டும். போர்டு மாறினால் மெமரியும் மாற வேண்டும், விசிறியின் கொக்கியும் மாற வேண்டும். பெட்டியும் பவர் சப்ளையும் டிஸ்க்கும் அப்படியே இருக்கட்டும்.

“ஒரு மத்தியான வேலைம்மா. சாயங்காலம் படம் திறக்கறதைப் பார்த்து நீங்களே பயந்துடுவீங்க,” என்றார்.

பாவம், அவர் அதுவரை கடைக்கு வந்தவர்களுக்குத்தான் வேலை செய்திருக்கிறார். வாரியத்துக்குச் செய்ததில்லை.

விஷயம் தலைவரிடம் போயிற்று. வாரியத் தலைவரை எல்லோரும் மேற்படியார் என்பார்கள். எதையும் ஒருமுறைக்கு மேல் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது பதவிக்கு இழுக்கு என்று நினைப்பவர். வீட்டில் சாப்பிடும்போதுகூட ‘மேற்படி குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்று’ என்பாராம். அவர் தலைமையில் குழு கூடியது. கணினி அதிகாரி ஓர் உறுப்பினர். சொத்துப் பிரிவு அம்மாள் இன்னோர் உறுப்பினர். வாரியத்தின் நாற்காலி, மேஜை, மின்விசிறி, குப்பைக்கூடை எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பவர் அந்த அம்மாள். ஒருமுறை மேஜையில் தலை வைத்துத் தூங்கிப்போன எழுத்தர் ஒருவரின் முதுகிலும் ஒட்டிவிட்டார் என்று கேள்வி. அவர் இன்றும் சொத்துக் கணக்கில்தான் இருக்கிறாராம்.

முதல் கேள்வியைக் கணினி அதிகாரிதான் கிளப்பினார். போர்டும் மாறி, புராசசரும் மாறி, மெமரியும் மாறிவிட்டால் அது பழைய கம்ப்யூட்டர்தானா? இல்லையென்றால் பழைய கம்ப்யூட்டர் எங்கே போயிற்று? அந்தக் கம்ப்யூட்டரை இயக்குவதற்காக நியமிக்கப்பட்ட பெண் அதற்குப் பிறகு எதை இயக்குகிறாள்? கம்ப்யூட்டருக்குப் புத்துயிர் கேட்கப் போன மருமகள் தன் நாற்காலியையே பறிகொடுத்துவிடுவாள் போலிருந்தது.

காப்பாற்றியது சொத்துப் பிரிவு அம்மாள். “ஸ்டிக்கர் பெட்டி மேல இருக்கு. அதனால பெட்டிதான் கம்ப்யூட்டர். உள்ள என்ன இருக்குன்னு பார்க்கறது என் வேலை இல்ல. உள்ள ஒண்ணுமே இல்லேன்னாலும் ஸ்டிக்கர் இருக்கறவரைக்கும் என் கணக்குல அது ஓடிக்கிட்டிருக்கற கம்ப்யூட்டர்தான்,” என்றார். குழு நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

அடுத்து மேற்படியார் நியாயத்தைக் கையில் எடுத்தார். ஒரு கம்பெனியின் புராசசரை நீக்கிவிட்டு இன்னொரு கம்பெனியின் புராசசரை அமர்த்துவது சாதாரண விஷயமில்லை, மேற்படி புராசசர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தோமா என்று கேட்டார். கொடுக்கவில்லை. ஆகவே, பணியில் மெத்தனம் காட்டியதற்காக உன்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை தயாராகிப் பெட்டியின் நெற்றியில் ஒட்டப்பட்டது. பதிலை உரிய வழியில் அனுப்ப வேண்டும். உரிய வழி என்றால் என் மருமகள்.

குழு சுற்றி நின்று பார்க்க, அவள் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் சார்பாக, கம்ப்யூட்டரிலேயே பதிலைத் தட்டத் தொடங்கினாள். ‘மதிப்பிற்குரிய’ என்பதற்குள் விசிறி அலறியது. ‘ஐயா’ என்றதும் திரை நீலமானது. ‘குற்றச்சாட்டைக் கேட்டதும் பதில் சொல்ல மறுத்து மயங்கி விழுந்தது’ என்று பதிவு செய்துகொண்டு குழு கலைந்தது.

குற்றம் நிரூபணமானாலும் இத்தனை வருடம் உழைத்ததற்கு மரியாதை வேண்டாமா? பிரிவு உபசாரக் கூட்டம் வைத்தார்கள். புராசசரைக் கடைக்காரர் கழற்றி, அடியில் இருந்த ஊசிகள் வளையாமல் ஒரு தட்டில் பஞ்சு வைத்துப் படுக்க வைத்தார். பிஸ்கெட் தட்டும் பக்கத்திலேயே இருந்ததால் யாரோ ஒருவர் புராசசரைக் கடிக்கக் கையில் எடுத்துவிட்டதாகவும் கடைசி நொடியில் தான் தடுத்ததாகவும் மருமகள் சொன்னாள். கணினி அதிகாரி எழுந்து பேசினார்.

“இந்த புராசசர் நான் லீவ்ல இருந்தப்ப வேலை செஞ்சது. நான் மீட்டிங்குக்குப் போயிருந்தப்ப வேலை செஞ்சது. மனசைத் தொட்டுச் சொல்றேன், நான் சீட்ல இருந்தப்பவும் இதுதான் வேலை செஞ்சது,” என்றார்.

எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். புராசசர் நடுவில், நாற்காலியில்.

இதற்குள் கடைத்தெருவில் தோண்டும் எந்திரம் வந்து நின்றுவிட்டது. மருமகள் தினமும் அந்த வழியாக வீட்டுக்கு வருவாள். வந்ததும் செருப்பைக் கழற்றும்போதே, இன்னும் தொடங்கவில்லை என்பாள். அது ஒன்றுதான் வீட்டில் அன்றன்றைய செய்தி. அவள் புருஷன், அதாவது என் பையன், வேலையை விட்டுவிடேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். விட்டால் குழாய் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குத் தானாக நகருமா என்று அவள் கேட்டாள்.

ஒருவழியாகப் புதுப் பாகங்கள் வந்தன. கடைக்காரர் அட்டைப்பெட்டிகளை மேஜையில் வரிசையாக வைத்தார். மாலைக்குள் முடிந்துவிடும் என்று மருமகள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அப்போது சொத்துப் பிரிவு அம்மாள் சரிபார்க்க வந்தார். வாங்கும் உத்தரவில் ‘ஊசிகளுடன் கூடிய புராசசர்’ என்று இருந்தது. பழையதைப் பார்த்து எழுதியதுதான். அம்மாள் புது புராசசரைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. பொன்னிறப் புள்ளிகள், அவ்வளவுதான்.

ஊசிகளை என்ன செய்தாய் என்று கடைக்காரரைக் கேட்டார்.

கடைக்காரர் சிரித்தார். அது அவர் செய்த முதல் தவறு. இந்தக் கம்பெனியின் புராசசரில் ஊசி இருக்காது, அது உட்காரும் இடத்தில், போர்டில்தான் இருக்கும் என்று விளக்கினார். அது இரண்டாவது தவறு. குழு அவசரமாகக் கூட்டப்பட்டது. வாரியத்துக்குச் சொந்தமான ஊசிகளைப் புராசசரிலிருந்து போர்டுக்கு மாற்ற உத்தரவிட்டது யார் என்று மேற்படியார் கேட்டார். கடைக்காரர் மலங்க மலங்க விழித்தார். தொழிற்சாலையிலேயே அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்.

“தொழிற்சாலைக்காரன் மேற்படி ஊசிகளை மாத்தும்போது நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டானா? கேட்கலை. நாளைக்குக் குழாயையும் இப்படித்தான் எவனாவது கேட்காம மாத்துவான்,” என்றார் மேற்படியார்.



கடைசியில், ஊசிகள் எங்கே இருந்தாலும் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்று பெரிய மனது வைத்தார்கள். கடைக்காரர் போர்டின் மீதிருந்த மூடியை நீக்கிக் காட்டினார். உள்ளே ஊசிகள் புல்வெளிபோல் நின்றன. அவர் இரண்டு கையையும் விரித்து நடுவில் நின்றுகொண்டார்.

“கண்ணால பாருங்க, கையால தொட்டுடாதீங்க. தலைமுடியைவிட மெல்லிசு.”

“தொடாம எப்படிய்யா எண்றது? எண்ணினதையே திருப்பி எண்ணிட்டா யார் பொறுப்பு?” என்றபடி அம்மாள் பால்பாயின்ட் பேனாவின் முனையை நீட்டினார்.

எண்ணிய ஊசி எது, எண்ணாத ஊசி எது என்று குழப்பம் வராமலிருக்க, எண்ணி முடித்த ஒவ்வொன்றையும் பேனாவால் ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே போனார். நேர்த்தியான முறை. பாதியில் கணினி அதிகாரி தும்மியதால் கணக்கு விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள். இந்த முறை எதிர்ப்பக்கம் சாய்த்தார்கள். முடிவில் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. குழு கைதட்டியது. யானை புரண்ட நெல்வயல்போல் கிடந்த போர்டைக் கடைக்காரர் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

“எல்லாம் இருக்கு சார். ஒண்ணும் குறையலை. இனிமே இதுல வெங்காயம் நறுக்கிக்கலாம்,” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பழைய புராசசரையும் பழைய போர்டையும் தற்காலிகமாகத் திரும்ப மாட்டிக்கொள்ளட்டுமா என்று மருமகள் கெஞ்சினாள். குழு ஒரே குரலில் மறுத்தது. பிரிவு உபசாரம் முடிந்துவிட்டது. ஓய்வு பெற்றவரை மறுபடி வேலைக்குக் கூப்பிடத் தனி உத்தரவு வேண்டும். கூப்பிட்டால் மற்ற ஓய்வு பெற்றவர்களும் வரிசையில் வந்து நிற்பார்கள். அதே வாரியத்தில் ஓய்வு பெற்ற என் பெயரைச் சொல்லியே ஒருவர் பயந்தாராம்.

மறுநாள் காலை தோண்டத் தொடங்குவதாகச் செய்தி வந்தது. மருமகள் நேராகக் கடைத்தெருவுக்குப் போய் மேஸ்திரியைப் பிடித்தாள். குழாய் வலப்பக்கம் இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன், தயவுசெய்து அந்தப் பக்கம் கை வைக்காதீர்கள் என்றாள். மேஸ்திரி நல்ல மனிதர்தான். கையிலிருந்த படத்தைப் பிரித்துக் காட்டினார். அதில் அவள் பெயரே இருந்தது.

“உங்களை நம்பறேன்மா. ஆனா இந்தம்மா எழுதிக் குடுத்திருக்காங்களே, அவங்களை நான் எப்படி மீறறது?”

“அந்தம்மா நான்தாங்க.”

“அப்ப நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க,” என்றார் மேஸ்திரி.

பொறுக்க முடியாமல் அவள் ஒரு கடையில் சாக்பீஸ் வாங்கி, சாலையில் மண்டியிட்டு, குழாய் போகிற வழியெல்லாம் கோடு போட்டாள். நடுநடுவே ‘இங்கே குழாய்’ என்று எழுதினாள். கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வாரியத்துக்குத் தகவல் போயிற்று. அங்கீகாரமில்லாத வரைபடம் ஒன்று பொது இடத்தில் வெளியிடப்பட்டிருப்பதாகக் கணினி அதிகாரி பதறினார். வாரியத்தின் வரலாற்றிலேயே ஒரு புகார் கொடுத்த அன்றே தண்ணீர் லாரி வந்தது அப்போதுதான். தெருவைக் கழுவிச் சுத்தமாக்கிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் எந்திரம் வலப்பக்கம் இறங்கியது.

தண்ணீர் எவ்வளவு உயரம் எழும்பியது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. தொலைபேசிக் கம்பத்தில் உட்கார்ந்திருந்த காக்கை குளித்துவிட்டுப் போனதை நானே பார்த்தேன். செருப்புக்கடைச் செருப்புகள் ஜோடி ஜோடியாக, ஆணும் பெண்ணுமாக, தெருக்கோடிவரை ஊர்வலம் போயின. தையல்காரர் மேஜைமேல் ஏறி நின்றுகொண்டு அளவெடுத்தார். தண்ணீர் கடைசியில், தன்னை நிர்வகிப்பவர்களை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்ததோ என்னவோ, வாரிய அலுவலகத்தின் படியேறி உள்ளே போயிற்று.

விசாரணை நடந்தது. எல்லோரும் கால்சட்டையையும் சேலையையும் முழங்கால்வரை ஏற்றிவிட்டுக்கொண்டு, காலைத் தூக்கி நாற்காலியின் குறுக்குச் சட்டத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மருமகள் மட்டும் தண்ணீரில் நின்றாள். தவறான படத்துக்குப் பொறுப்பாக இருந்ததற்காக அவளைப் பணிநீக்கம் செய்யலாம் என்று கணினி அதிகாரி முன்மொழிந்தார். சொத்துப் பிரிவு அம்மாள் வழிமொழிந்தார். சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள்.

“படம் தப்புன்னு நான்தான் சார் முதல்ல சொன்னேன். திருத்தறேன்னும் சொன்னேன். நீங்கதான் விடலை. படம் தப்பு. அதை எழுதிக்குங்க, நான் போறேன்,” என்றாள்.

பேனா தாளைத் தொடப் போகும்போது மேற்படியார் கையை உயர்த்தினார்.

“படம் தப்புன்னு எழுதாதீங்க. மேற்படி படத்தை அங்கீகரிச்சது நான். படம் தப்புன்னா நான் தப்பு. நான் தப்பா இருக்கறதுக்கு விதியில எங்கேயும் இடம் குடுக்கலை.”

சொல்லிவிட்டுக் காலை இன்னும் ஒரு சட்டம் மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.

“படம் சரி. அப்ப தப்பு யாரு மேல? குழாய் மேல. இடப்பக்கம் இருக்க வேண்டியது, யாரையும் கேட்காம வலப்பக்கம் போய்ப் படுத்திருக்கு.”

தீர்மானம் நிறைவேறியது. பெரிய குழாயை வலப்பக்கத்திலிருந்து பெயர்த்தெடுத்து, படத்தில் உள்ளபடி இடப்பக்கத்தில் புதைத்தார்கள். கடைத்தெரு முழுவதும் இரண்டாம் முறை தோண்டப்பட்டது. சரியான படத்தைத் திருத்த எவ்வளவோ தூண்டுதல் இருந்தும் கடைசிவரை திருத்தாமல் காத்ததற்காக மருமகளுக்குப் பாராட்டும், கூடவே பணி நிரந்தர உத்தரவும் வந்தன. அவள் அதை வாசித்துவிட்டு வெகுநேரம் சிரித்தாள். நடுவில் கொஞ்சம் அழுதாள் என்றும் நினைக்கிறேன்.

வெற்றி ருசி கண்ட மேற்படியார் அதோடு நிற்கவில்லை. இனி ஊரில் உள்ள எல்லாமே அங்கீகரிக்கப்பட்ட படத்தின்படி இருக்க வேண்டும், இல்லாதவற்றைப் படத்துக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டார். மேஸ்திரி ஆட்களோடு ஒவ்வொரு தெருவாகப் படத்தைப் பிடித்துக்கொண்டு போனார். பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்ட எத்தனையோ தடவைகளில் ஏதோ ஒரு தடவை, ஒரு தெருவை இரண்டாகப் பிரசவித்திருக்கிறது. ஒன்று அதன் இடத்திலேயே இருந்தது. இன்னொன்று, ஊரில் இல்லாத தெரு, படத்தின் வடமூலையில் போய் விழுந்திருந்தது. அந்த இடத்தில் ஊரில் இருந்தது மேற்படியாரின் வீடு. தெரு வாசல் வழியாக நுழைந்து, கூடத்தைக் கடந்து, சமையலறை வழியாகக் கொல்லைப்புறம் போயிற்று.

எந்திரம் வாசலில் வந்து நின்றபோது மேற்படியார் பல் துலக்கிக்கொண்டிருந்தாராம். மேஸ்திரி பணிவாகப் படத்தைக் காட்டி, கீழே இருந்த அவருடைய கையெழுத்தையும் காட்டி, சமையல் முடிந்துவிட்டதா, சுவரை இடிக்கத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

அன்றைக்குக் குழு கூடவில்லை. ஸ்டிக்கரைப் பற்றி யாரும் பேசவில்லை. மேற்படியாரே வாயில் நுரையோடு காரை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போய், கடைக்காரரையும் இன்னொரு புதுப் போர்டையும் கையோடு கொண்டுவந்தார். அவர் சொன்னபடியே ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்தது. பொத்தானை அமுக்கினார்கள். விசிறி அலறவில்லை. படம் சட்டென்று திறந்துகொண்டதில் மருமகள் நிஜமாகவே பயந்து நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

வடமூலைக்குப் போய், மேற்படியாரின் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த தெருவைத் தேர்ந்தெடுத்து, அழித்துவிடட்டுமா சார் என்று கேட்டாள்.

அவர் அவள் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். அழித்தால், இல்லாத தெருவை அங்கீகரித்தார் என்று ஆகிவிடும். அழிக்கக் கூடாது. வேண்டுமானால் மேற்படி தெருவுக்கு மாறுதல் கொடுக்கலாம்.

“சரி சார். எங்க போடட்டும்?” என்று அவள் தெருவை மவுஸால் பிடித்துத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

மேற்படியார் திரைக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஊரை ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை நிதானமாகப் பார்த்தார்.

“கணினி அதிகாரி வீடு இதுல எங்க இருக்கு?” என்று கேட்டார்.